கருவிலே திருவா, காசிலே கருவா?

50,000 டாலர்! விலை போட்டுவிட்டார்கள், தோழர்களே, அறிவுக்கு விலை போட்டுவிட்டார்கள்! தங்கத்துக்கு விலை உண்டு; தரிசு நிலத்துக்கும் கோவை வட்டாரத்திலே இன்று தலைசுற்றும் விலை உண்டு. பிறக்காத பிள்ளையின் மூளைக்கு விலை உண்டா என்று கேட்டால், "உண்டு" என்கிறது அமெரிக்காவிலே ஒரு நிறுவனம். 100 கருக்கள் வரை சோதித்து, எந்தக் கரு புத்திசாலிப் பிள்ளையாக வளரும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க 50,000 டாலர் வரை கட்டணம்! ஐ.க்யூ. என்னும் அறிவு அளவிலே 6 புள்ளிக்குமேல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர்கள் காட்டும் ஆசை. 2024 அக்டோபரில் இலண்டன் 'கார்டியன்' ஏடு இந்த வியாபாரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 42 லட்சம் ரூபாய். சோமனூரிலே விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். டீ குடிக்காமல், பஸ் ஏறாமல், வீட்டு வாடகை கொடுக்காமல், அத்தனை பணத்தையும் சேர்த்தால் 8,400 நாள்! பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூடத் தறியை நிறுத்தாமல் 23 ஆண்டு! அதற்குள் அவருடைய பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிடும்!

பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். மரபணுவைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பட்டம் பெற்றவர்கள் பேசி முடிவெடுத்த பிறகு அந்த முடிவைச் சுமக்கப்போகிறவர்கள் நாம். சுமக்கிறவனுக்குச் சுமையின் எடையைக் கேட்கும் உரிமை உண்டு.

கருக்களிலே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதற்படி. கருவையே திருத்தி எழுதுவது அடுத்த படி. அதற்கான கருவி வந்துவிட்டது. கிரிஸ்பர் என்று அதற்குப் பெயர். பாவிலே பிசகிய இழை ஒன்றைத் தேடிப் பிடித்து, வெட்டி, முடிச்சுப் போடுகிறோமே, அதைப்போல உயிரின் நூலிலே வேண்டாத இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டும் கத்தரிக்கோல் அது. எம்மானுவேல் சார்பென்டியே, ஜெனிபர் டவுட்னா என்ற இரு பெண்மணிகள் 2012-இல் அதைச் செய்து காட்டினார்கள். 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2025 மே மாதத்தில், இந்த முறையிலே திருத்திய 2 நெல் ரகங்களை அறிவித்தது. நெல் வரை வந்த கத்தரிக்கோல் பிள்ளை வரை போகாதா? போயே விட்டது! சீனத்து ஹே ஜியான்குய் என்பவர், எய்ட்ஸ் கிருமி தொற்றாத குழந்தைகள் என்று சொல்லி, கருவிலேயே திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக 2018 நவம்பரில் அறிவித்தார். உலகம் பதறியது. வெட்டு விழுந்த விதமோ அவர் நினைத்தபடி இல்லை. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. குழந்தைகளுக்கு? அவர்கள் வாழ்நாள் முழுதும் அந்த வெட்டைச் சுமக்க வேண்டும். அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளும் சுமக்கக்கூடும்.

இந்தக் கலை கோவைக்குப் புதிதல்ல. கரும்புக்கு நாம் இதைச் செய்த ஊர்க்காரர்கள்! 1912-இல் கோவையிலே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். இனிப்பு மிகுந்த, ஆனால் வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்காத கரும்பை, இனிப்பே இல்லாத முரட்டுக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். பார்பர் என்ற ஆங்கிலேயரும், டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்னும் ரகம் 1918-இல் வெளிவந்தது; வடநாட்டு வயல்களிலே பரவியது. பெருமைதான். ஆனால் ஒரு நல்ல கரும்பு கிடைக்க எத்தனை ஆயிரம் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்! எறியப்பட்ட கரும்புக்கு அம்மா இல்லை. அழுவதற்கு ஆள் இல்லை. பிள்ளைகளை வைத்து இதைச் செய்தால் எறியப்படும் நாற்று யார்?

அதே நிலையத்திலே 1934 முதல் 1939 வரை ஆராய்ச்சி செய்தவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியிலே, பிற்பட்டதென்று ஒதுக்கப்பட்ட தீயர் குடும்பத்திலே பிறந்தவர். அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். பெண், அதிலும் தனித்து வாழ்பவர், அதிலும் பிற்பட்ட வகுப்பார் என்பதால் இங்கே அவர் பட்ட தொல்லைகளை அவரது வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். இலண்டன் போனார். டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கை 1945-இல் நூலாக்கினார். வேடிக்கையைக் கேளுங்கள்: இனத்துக்கு இனம் அறிவு பிறப்பிலேயே வேறுபடும் என்று வாதாடியவர் அந்த டார்லிங்டன்! தலைச்சேரித் தீயர் வீட்டுப் பெண்ணின் மூளையைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு பயன்படுத்தியவர், மூளை இரத்தத்திலே இருக்கிறது என்று எழுதினார். விஞ்ஞானம் தெரிந்தவர்களுக்கெல்லாம் சமுதாயம் தெரிந்துவிடுவதில்லை.

சரி, அறிவு மரபணுவிலே இருக்கிறதா, இல்லையா? நேர்மையாகப் பேசுவோம். கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் அது ஒரு பொத்தான் அல்ல, அழுத்தினால் விளக்கு எரிவதற்கு. 2022-இல் வெளிவந்த ஒரு பேராய்வு, 30 லட்சம் பேருடைய மரபணுக்களைச் சலித்துப் பார்த்தது. கண்டது என்ன? ஏறத்தாழ 4,000 இடங்கள். ஒவ்வொன்றும் தம்பிடி அளவு. அதிலும் அவர்கள் அளந்தது அறிவையா? இல்லை. ஒருவர் எத்தனை ஆண்டு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார் என்ற கணக்கை!

இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். மனத்திலே ஒரு காட்சியை எழுப்பிப் பாருங்கள். இதே ஆய்வாளர்கள், இதே கருவிகளோடு, 1912-இல் சென்னை மாகாணத்துக்கு வந்திருந்தால்? அந்த ஆண்டிலே மாவட்ட முனிசீப்புகளில் நூற்றுக்கு 72 பேருக்குமேல் பிராமணர்; சப்-ஜட்ஜுகளில் நூற்றுக்கு 83 பேர். மக்கள் தொகையிலோ நூற்றுக்கு 3 பேர். ஆய்வாளர் இரத்தம் எடுத்திருப்பார், கணக்குப் போட்டிருப்பார், "முனிசீப்பு ஆகும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ளியிருப்பார். கணக்கிலே பிழை இருந்திருக்காது. அந்த மரபணு உள்ளவன் படித்திருப்பான், இல்லாதவன் மாடு மேய்த்திருப்பான். ஆனால் படிக்கவைத்தது மரபணுவா, பள்ளிக்கூடத்துக் கதவா? கதவு யாருக்குத் திறந்திருந்ததோ அவருடைய இரத்தத்தைப் பார்த்து, "இதுதான் சாவி" என்று சொல்லியிருப்பார் அந்த அப்பாவி!

இன்று அந்தப் பட்டியலைப் பாருங்கள். நாவிதர் வீட்டுப் பிள்ளை மருத்துவர், மில் தொழிலாளி மகள் பொறியாளர், அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வந்தவர் வழக்கறிஞர். நூறு ஆண்டிலே ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது எது? 1921-இல் வந்த வகுப்புவாரி ஆணை. 1951-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்ற பிறகு அரசியல் சட்டத்துக்கே செய்யப்பட்ட முதல் திருத்தம். 1956-இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு. அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-இல் இராசாசி கொண்டுவந்த திட்டம் நிலைத்திருந்தால் இது நடந்திருக்குமா? 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவன் மகனுக்குத் தோலும் ஊசியும் போதும் என்று அன்று சொன்ன வாய்தான், "மன்னிக்கவும், உங்கள் கருவுக்கு மதிப்பெண் குறைவு" என்று நாளை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சொல்லப் பார்க்கிறது.

நியூசிலாந்திலே ஜேம்ஸ் பிளின் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பல நாடுகளின் பழைய ஐ.க்யூ. கணக்குகளைப் புரட்டியவர். 20-ஆம் நூற்றாண்டிலே பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் மக்களின் சராசரி ஏறிக்கொண்டே வந்திருப்பதை எடுத்துக் காட்டினார். எந்தக் கத்தரிக்கோல் ஏற்றியது? சோறு ஏற்றியது, பள்ளி ஏற்றியது, தடுப்பூசி ஏற்றியது. இன்னும் எளிமையான கணக்கு ஒன்று. கருவுற்ற தாய்க்கு அயோடின் சத்து மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். உப்பிலே ஒரு துளி அயோடின் சேர்த்தால் தடுத்துவிடலாம். அந்த உப்புப் பாக்கெட் மளிகைக் கடையிலே தொங்குகிறது. விலை என்ன என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

கருவைத் தேர்ந்தெடுப்பதால் கிடைப்பது என்ன? 10 கருவிலே சிறந்ததை எடுத்தாலும் சராசரியாக 2.5 புள்ளிதான் கிடைக்கும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த மதிப்பெண் பட்டியலும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துப் போட்டது. நம் மக்களுக்கு இன்னும் மோசமாகத்தான் பொருந்தும். திருத்தப் போனாலோ 4,000 இடத்தில் எதை வெட்டுவது? ஒரு மரபணு ஒரு வேலை மட்டும் பார்ப்பதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணையிலே வேலை பார்க்கும் தோழர்களுக்கு இது தெரியும். ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடும்படி கோழியின் இனத்தை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முட்டை ஓட்டுக்கே சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய், கோழியின் எலும்பு முறிகிறது!

"ஏனுங்க, பலிக்காத சரக்குன்னா நமக்கென்ன பயம்? பணக்காரன் காசைத் தொலைச்சா தொலைச்சுட்டுப் போறானுங்க" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், சேலத்துக் கதையைச் சொல்கிறேன்.

ஸ்கேன் கருவி எதற்காக வந்தது? வயிற்றுக் குழந்தைக்கு நோயிருக்கிறதா என்று பார்க்க வந்தது. யார் கையிலே அகப்பட்டது? பெண் பிறந்தால் பாரம் என்று கருதிய சமுதாயத்தின் கையிலே. பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்திலே தொடங்க வேண்டியிருந்தது. 1994-இல் சட்டம் போட்டார்கள், கருவிலே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக் கூடாதென்று. 2001 மக்கள் தொகைக் கணக்கிலே சேலம் மாவட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான்! கருவிக்குக் கொள்கை கிடையாது. எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டுக் கொள்கையே அதன் கொள்கை. கொங்கு நாட்டிலே இன்று மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று பாலக்காடு வரை தேடிப்போகும் குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே பலிக்கிறதா என்பதல்ல கேள்வி. பலிப்பதாக நம்பினால் போதும், பாதகம் நடந்துவிடும். ஜாதகத்தோடு மரபணுச் சீட்டும் கல்யாணத் தரகர் பைக்குள் வரும். "எங்கள் பையன் திருத்திப் பிறந்தவன்" என்பதற்கு எத்தனை பவுன் கேட்பார்கள்? ஏற்கனவே இரத்தச் சுத்தம் பேசி, 2016-இல் உடுமலைப்பேட்டையிலே பட்டப்பகலில், நடுத்தெருவில், சாதி மறுத்து மணந்த பொறியியல் மாணவனை வெட்டிச் சாய்த்த மண் இது. வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிற சாதிக்கு ஆய்வுக்கூடத்துச் சான்றிதழ் என்னும் அவலையும் அள்ளிக் கொடுப்பதா?

பிள்ளைகளின் கதியை நினைத்துப் பாருங்கள். 12-ஆம் வகுப்புப் பாடத்தை 11-ஆம் வகுப்பிலேயே தொடங்கி, விடுதியிலே அடைத்து, விடியற்காலையிலிருந்து உருப்போட வைத்த பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே பெயர் வைத்தார்கள். நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிய தகப்பன், மதிப்பெண் குறைந்தால் என்ன பாடுபடுத்தினான் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். கருவிலேயே 42 லட்சம் போட்டவன் சும்மா இருப்பானா? முதல் போட்டவன் இலாபம் கேட்பான். அந்தப் பிள்ளைக்குத் தோற்கும் உரிமை ஏது? கவிதை எழுத, கபடி ஆட, சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்க்க உரிமை ஏது? பணக்கார வீட்டுப் பிள்ளைதான் என்றாலும் அதற்காகவும் நான் வருந்துகிறேன்.

கருக்கள் பலவற்றை உண்டாக்கிப் பொறுக்கி எடுக்க வேண்டுமானால் கருமுட்டை வேண்டும். தாய்க்கு முட்டை இல்லையென்றால் இன்னொருத்தியிடம் வாங்குவார்கள். எந்த இன்னொருத்தி? பங்களாக்காரியா? 2022-இல் ஈரோட்டிலே வெளிவந்த செய்தியை மறந்துவிட்டீர்களா? 16 வயதுச் சிறுமி! வயதை மறைக்கப் போலி ஆதார்! பலமுறை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய் அவள் கருமுட்டையை எடுத்து விற்றார்கள். பெற்ற தாயும் கைதானாள். 23 முதல் 35 வயது வரையுள்ளவர்தான் தரலாம், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்த மறு ஆண்டிலேதான் இது வெளியே வந்தது. முட்டைக்கே இந்தக் கொள்ளை என்றால், மேதையை உண்டாக்கும் முட்டை என்று விளம்பரம் வந்தால் பனியன் கம்பெனிப் பெண்களை எத்தனை தரகர்கள் சுற்றுவார்கள்?

கடல் கடந்த ஒரு செய்தியும் உண்டு. நம் தமிழர்கள் வாழும் சிங்கப்பூரிலே, பட்டதாரிப் பெண்கள் குறைவாகப் பெறுகிறார்கள், படிக்காத பெண்கள் அதிகம் பெறுகிறார்கள், அறிவு குறைந்துவிடும் என்று 1983-இல் கவலைப்பட்டார் பிரதமர் லீ குவான் யூ. 1984-இல், மூன்று பிள்ளை பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலே முன்னுரிமை. படிப்புக் குறைந்த ஏழைத் தாய் இரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 சிங்கப்பூர் டாலர். அந்த ஆண்டுத் தேர்தலிலே ஆளுங்கட்சியின் வாக்கு சரிந்தது. பட்டதாரித் தாய்மாரே பலர் அந்தச் சலுகையை வெறுத்தார்கள். 1985-இல் முன்னுரிமை போயிற்று.

அப்படியானால் கத்தரிக்கோலை உடைத்தெறியச் சொல்கிறேனா? கிடையாது. அறிவியலுக்கு எதிரி அல்ல நம் இயக்கம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போய், மலையேறுங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான், இந்தியாவிலே முதன்முதலாக 1952-இல் அரிவாள் செல் இரத்தநோயைக் கண்டறிந்தார்கள். இரத்த அணு அரிவாள்போல் வளைந்து, நாளத்திலே அடைத்து, குழந்தை வலியிலே துடிக்கும் நோய். இதற்கு 4,000 இடம் தேட வேண்டியதில்லை. மரபணுவிலே ஒரே ஓர் எழுத்துப் பிழை! கத்தரிக்கோல் வேலை செய்கிற இடம் இதுதான். அதுவும் கருவைத் தொடாமல், நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்லை வெளியே எடுத்துத் திருத்தி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் முறை. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. அமெரிக்காவிலே விலை 22 லட்சம் டாலர்! கூடலூர்ப் பணியர் வீட்டுக் குழந்தைக்கு அந்த விலையைச் சொல்லிப் பாருங்கள். நம் நாட்டு அரசு ஆய்வுக்கூடமே குறைந்த செலவிலே இதைச் செய்ய முறை கண்டிருப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. பிர்சா 101 என்று பெயர். பழங்குடி வீரர் பிர்சா முண்டாவின் பெயரை வைத்தவர்கள், அது பழங்குடிக் குடிசைக்கு எப்போது, எந்த விலையிலே வரும் என்றும் சொல்ல வேண்டும்.

கருவைத் திருத்திப் பிள்ளை பெறக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி தடுக்கிறது. நெறிதான், நாடாளுமன்றம் அதற்கென்று இயற்றிய தனிச் சட்டமல்ல. மரபணுவைக் காட்டி வேலை மறுக்கக் கூடாதென்று அமெரிக்காவிலே 2008-இல் சட்டம் செய்தார்கள். இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நாளை மில் வாசலிலே இரத்தச் சீட்டுக் கேட்டால் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

படிப்பகங்களிலே இதைப் பேசுங்கள், தோழர்களே. தொழிற்சங்கக் கூட்டத்திலே ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாக்குக் கேட்டு வருகிற நாடாளுமன்ற உறுப்பினரிடம், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இரண்டே கேள்வி கேளுங்கள்: கருவை விற்பதைத் தடுக்கும் சட்டம் எப்போது? கூடலூர்க் குழந்தைக்கு மருந்து எப்போது?